வாசல் தாண்டாத பரங்கிக்காய்

உஸ்தீனா பரங்கிக்காயைக் கொண்டுவந்து லவ்ரினின் மடியில் வைத்தபோது வெளியே பனி அப்படியொன்றும் பலமாக இல்லை. வைத்துவிட்டு நிமிர்வதற்குள் ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. வானத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன பகையோ தெரியவில்லை.

பெண் கேட்டு வந்தவர்களின் தோளில் பெண் பூவேலைத் துண்டைக் கட்டினால் சம்மதம். பரங்கிக்காயைக் கொடுத்தால் இல்லை. அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கொண்டுவந்த ரொட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காயையும் தூக்கிக்கொண்டு, ஊர் கண்ணில் படாமல் கிளம்பிப் போய்விட வேண்டியதுதான். பொல்தாவா பக்கம் காலங்காலமாக இப்படித்தான் நடக்கிறது. ஹோர்தி தன் ஒரே மகளைத் துண்டு எடுத்துவரத்தான் உள்ளறைக்கு அனுப்பினார். அவள் பரங்கிக்காயோடு வந்தாள். அதுவும் கட்டிலுக்கடியில் கிடந்ததிலேயே பெரிய காயாகப் பார்த்து.

வந்தவர்களும் முறைப்படி கிளம்பத்தான் கிளம்பினார்கள். லவ்ரின், அவனுக்காகப் பெண் கேட்கவந்த அவன் பெரியப்பா ஓனிஸ்கோ, ஒரு குதிரை, ஒரு பனிவண்டி. குதிரை வேலிவரைக்கும் போய், மார்பளவு பனியில் நின்று, திரும்பிப் பார்த்தது. மனிதர்களைவிட அதற்கு விவரம் அதிகம். அண்டை அயல் என்று எதுவும் கூப்பிடு தூரத்தில் இல்லாத தனிப் பண்ணை வீடு அது. அந்தப் புயலில் எதிரியைக்கூட வெளியே அனுப்ப முடியாது. ஹோர்தி குதிரையை நடைவழியே இழுத்துவந்து, அதே கூரைக்குக் கீழே இருந்த மாட்டுக் கொட்டிலில் கட்டினார். ஆட்கள் திரும்ப வந்து அடுப்போரம் உட்கார்ந்தார்கள். பரங்கிக்காயும் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் காலையில் வாசல் கதவு திறக்கவில்லை.

அது ஹோர்தியின் கைங்கரியம். உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்த நல்ல கதவை, நடையில் முட்டைக்கோஸ் பீப்பாய் வைக்க இடம் போதவில்லை என்று போன இலையுதிர் காலத்தில் கழற்றி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார். குளிர்காலத்தில் பனி எந்தப் பக்கம் குவியும் என்று பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் செய்கிற வேலையா இது! ப்ரீஸ்கா அப்போதே சொன்னாள். பெண்டாட்டி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ஹோர்தி தோளால் ஒரு இடி இடித்தார். ஓனிஸ்கோ ஒரு இடி இடித்தார். கதவு மூச்சுவிடவில்லை.

"சரி விடுங்க," என்றார் ஓனிஸ்கோ, கைகளைத் தேய்த்துக்கொண்டு. "எங்க போகப்போறோம்? அடுப்பு இருக்கு. பீப்பாய் நிறைய முட்டைக்கோஸ் இருக்கு. மாடும் குதிரையும் கூரைக்குள்ளயே இருக்கு. பனி தானா வந்துச்சு, தானா போகட்டும்."

போகட்டும் என்று ஹோர்தியும் சந்தோஷமாகவே உட்கார்ந்தார். குளிர்காலம் முழுக்கப் பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடந்த மனிதர் அவர். இப்போது இரண்டு ஆம்பிளைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். விடுவாரா? ஹொரில்காச் சாராயம் வந்தது, உப்புப் போட்ட கொழுப்பு வந்தது, பேச்சு வந்தது. என்ன பேச்சு? பெண் கேட்டதைப் பேச முடியாது, இல்லை என்று சொன்னதையும் பேச முடியாது. மிச்சமிருந்தது பனி ஒன்றுதான்.

"இதெல்லாம் ஒரு பனியா?" என்று ஆரம்பித்தார் ஓனிஸ்கோ. "நான் சின்னப் பையனா இருக்கறப்ப விழுந்துச்சே, அது பனி. பக்கத்து வீட்டுக்கு நாங்க புகைபோக்கி வழியாத்தான் சேதி சொல்லுவோம். மேல போய் நின்னு 'நல்லாயிருக்கியா மார்ஃபா'ன்னு கத்துவேன். அவ கீழேர்ந்து ஒரு பணியாரத்தை ஈட்டில குத்தி மேல அனுப்புவா."

"புகையோடயா?"

"புகையோடதான். அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது."

"எங்கப்பா காலத்துல," என்றார் ஹோர்தி, தோற்கப் பிடிக்காமல், "பாதிரியார் வீடு வீடா சிலுவையைக் கொண்டு வந்தாரு. செமேன்னு ஒருத்தன் முத்தம் குடுத்தான். மீசை சிலுவையோட ஒட்டிக்கிச்சு. பாதிரியார் என்ன பண்ணுவாரு? நாலு வீட்டுக்குப் போகணுமே. அவனையும் இழுத்துக்கிட்டே போனாரு!"

லவ்ரின் தொடையில் அடித்துச் சிரித்தான். நன்றாகச் சிரிக்கிறவன். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. ப்ரீஸ்காவுக்கு அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொடுத்தான், மாட்டுக்கு வைக்கோல் போட்டான், ஹோர்தியின் கிழிந்த சேணத்தைத் தைத்துக் கொடுத்தான். வந்த அன்று "பெரியவரே" என்று கூப்பிட்டவன், மறுநாள் மத்தியானத்துக்குள் "மாமா" என்று கூப்பிட ஆரம்பித்தான். ஹோர்தியும் "என்னப்பா" என்றார். அந்த "என்னப்பா"வைக் கேட்டு உஸ்தீனா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவனிடம் குறை என்று என்ன சொல்ல? முந்தைய இரவு அம்மா அவளை மாட்டுக்கொட்டில் பக்கம் தள்ளிக்கொண்டு போய் அதைத்தான் கேட்டாள்.

"குடிக்கிறானா?"

"இல்ல."

"கை நீட்டுவான்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"பின்ன என்னடி உனக்கு?"

"என்னால அவருகூடப் பேச முடியலம்மா."

"பேசறதுக்கா கல்யாணம் பண்றாங்க?" என்றாள் ப்ரீஸ்கா. அவள் கேலிக்குக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை.

உஸ்தீனாவுக்கு மட்டும்தான் அது விளங்கியிருந்தது. அறுவடைச் சந்தையில் ரிப்பன் கடை முன்னால் லவ்ரின் அவளைக் கேட்டான்: "எந்த நிறம் பிடிக்கும்?" அவள் வாயைத் திறந்தாள். "சிவப்புதானே! முகத்தைப் பார்த்தாலே தெரியுது," என்று சிவப்பை வாங்கி அவள் கையில் வைத்துவிட்டான். அவள் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவன் அவளை எத்தனையோ கேட்டான். எல்லாவற்றுக்கும் பதிலையும் அவனே சொன்னான். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்துவைத்தாள். வீட்டுக்கு வந்தபிறகுதான், அன்றைக்கு முழுக்க ஒரு வாக்கியத்தைக்கூடத் தான் பேசி முடிக்கவில்லை என்பது உறைத்தது. அன்று பிடித்த பயம்தான். ஆயுசு முழுக்க இப்படி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஒரு வீட்டில் இருக்கவேண்டும் என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

இப்போது அதே மூச்சுமுட்டல், நான்கு சுவருக்குள்.

"இந்தப் பனி இன்னும்," என்று ஆரம்பித்தாள், அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே.

"இன்னும் ரெண்டு நாள் விழட்டும்கறா மாமா!" என்றான் லவ்ரின். "விருந்தாளியை அனுப்ப மனசு வரல போல!"

எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் விட்டபாடில்லையே, யாராவது மேலே ஏறிப் பார்க்கக்கூடாதா என்று கேட்கவந்தவள் அவள். வார்த்தையை மென்று முழுங்கினாள்.

"நான் சொல்ல வந்தது..."

"நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியாதா?" என்று அவன் கண்ணைச் சிமிட்டினான். அவன் கெட்டவனில்லை. அதுதான் கொடுமை. அவள் மனசு தனக்கு அத்துப்படி என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

பரங்கிக்காய் நடைக்குப் போகும் வழியில், உள்பக்கம் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ஓனிஸ்கோ அதன்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஹோர்தியைப் பார்த்து, வேண்டுமென்றே மெதுவாகச் சொன்னார்:

"சம்பந்தி, ஒரு விஷயம் யோசிச்சுப் பார்த்தீங்களா? காயைக் குடுத்தாங்க, சரி. ஆனா காய் வாசல் தாண்டினாத்தானே இல்லைன்னு அர்த்தம்? எங்கப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. தாண்டாத வரைக்கும் இது வெறும் காய்கறி."

"சம்பந்தி" என்ற வார்த்தையை ஹோர்தி மறுக்கவில்லை. சாராயக் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அது... கேட்டிருக்கேன், அப்படியும் சொல்லுவாங்க," என்றார்.

அப்படி ஒருவரும் எங்கேயும் சொன்னதில்லை. வாங்கின கையோடு வெளியே போகிற காயைப் பற்றி யார் சட்டம் போடப்போகிறார்கள்? பனியில் மாட்டிக்கொண்ட கிழவர் அடுப்போரத்தில் உட்கார்ந்து அவிழ்த்துவிட்ட சட்டம் அது. ஆனால் ராத்திரிக்குள் அது பழைய சம்பிரதாயமாகிவிட்டது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஹோர்தி எதையும் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"கடவுளே கதவைச் சாத்திட்டாரே," என்றார் ஓனிஸ்கோ. "அதுக்கு மேல நாம யாரு?"

கதவைச் சாத்தியது கடவுள் இல்லை, அப்பா மாட்டின கீல் என்று உஸ்தீனாவுக்குச் சொல்லத் தோன்றியது. "கதவை..." என்றாள்.

"கதவைத் திறக்கவே வேணாம்கறா!" என்றான் லவ்ரின்.

அவள் எழுந்துபோய்ப் பசுவின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பசு நடுவில் பேசாது. அந்த வீட்டில் அவள் பேச்சை முழுசாகக் கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

அடுத்த நாள் காற்று நின்றுவிட்டது. புகைபோக்கியில் ஊளைச் சத்தம் இல்லை. ஜன்னல் மேல்விளிம்பில் விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. உஸ்தீனா அதைப் பார்த்துவிட்டு ஆண்களைப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சு போன வருஷத்துக் குளிரிலிருந்து அடுத்த வருஷத்துக் குளிருக்குத் தாவியிருந்தது. அடுத்த வருஷம் லவ்ரினின் வீட்டுக்கு ஹோர்தி வரும்போது எந்தப் பாதையில் வருவது, எங்கே பனி ஆழம், எங்கே ஓடை உறையும் என்று விவரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மகளைப் பார்க்க வருகிற அப்பாவின் பாதை அது. அவளைக் கேட்காமலே அவளுக்கு ஒரு பாதை போட்டாகிவிட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. இங்கே மாட்டிக்கொண்டிருப்பது தான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

"முட்டைக்கோஸ் தின்னு தின்னு வாயே புளிச்சுப்போச்சு," என்றார் ஓனிஸ்கோ. "தங்கச்சி, வரகுக் கஞ்சில பரங்கிக்காய் போட்டு ஒரு தடவை வையேன்."

ப்ரீஸ்கா கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"எதுக்குப் புதுசா ஒண்ணு?" என்றார் அவர், முக்காலியைக் காட்டி. "இதோ இருக்கே, நல்லாப் பழுத்தது. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டு, சிரிச்சுட்டு, விட்டுருவோம்."

ப்ரீஸ்கா நிமிர்ந்தாள். என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்: காய் கஞ்சிக்குள் போனால் மறுப்பும் அதோடு போய்விடும். எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷனைப் பார்த்தாள். ஹோர்தி ஜன்னலைப் பார்த்தார், அதில் பார்க்க என்ன இருந்தது என்று அவருக்கே வெளிச்சம். லவ்ரின் புன்னகையோடு கைகளைக் கட்டிக்கொண்டான். ப்ரீஸ்கா கத்தியை எடுத்தாள்.

உஸ்தீனா இரண்டு எட்டில் வந்து காயைத் தூக்கிக்கொண்டாள்.

"அவளே வெட்டறாளாம்!" என்றான் லவ்ரின்.

அவள் நடைக்குப் போனாள். காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பரணுக்குப் போகும் ஏணியில் ஏறினாள். கீழே அவன் குரல் கேட்டது: "வைக்கோல் எடுக்கப் போறா மாமா, மாட்டுக்கு." பரணில் வைக்கோல் வாசனை, எலி வாசனை, இருட்டு. கோடையில் வைக்கோல் ஏற்றுகிற பொந்துக் கதவை அவள் காலால் உதைத்தாள். வெளிச்சம் கண்ணில் அறைந்தது. உலகமே இல்லை, வெள்ளைதான் இருந்தது. காயை அதில் தள்ளினாள். அது சத்தமே இல்லாமல் முழுகிப்போனது.

ஏணிக்கடியில் ஓனிஸ்கோவின் தலை தெரிந்தது. "அது வைக்கோல் பொந்தும்மா! வாசல் இல்ல! கணக்குல சேராது!"

கீழே ஒரே சிரிப்பு. அப்பாவின் சிரிப்பும் அதில் கேட்டது. மற்றவர்கள் சிரித்ததைத் தாங்கிக்கொண்டவளுக்கு அது மட்டும் தாங்கவில்லை. களத்தில் தானியம் தள்ளுகிற மரத்துடுப்பு பரணில் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குதித்தாள்.

அக்குள்வரை இறங்கிவிட்டாள். பனி கழுத்துக்குள், கைக்குள், காலணிக்குள் புகுந்தது. ஒரு கணம் காலுக்கடியில் எதுவும் தட்டுப்படவில்லை. இப்படியே இறங்கிப்போனால் மார்ச்சில் பனி உருகின பிறகுதான் தன்னை எடுப்பார்கள் என்று நிஜமாகவே பயந்தாள். துடுப்பைக் குறுக்கே போட்டு, அதன்மேல் வயிற்றை வைத்து, நீந்துகிற மாதிரி நகர்ந்தாள். வாசல் இருக்கவேண்டிய இடத்தில் கூரைவரைக்கும் ஒரு மேடு. அவள் வெட்டினாள். மேல்பனி மாவு மாதிரி இருந்தது, அள்ளி அள்ளி எறியலாம். அடிப்பனி இறுகிக் கிடந்தது. துடுப்பின் விளிம்பால் பலகை பலகையாக நறுக்கிப் புரட்டவேண்டியிருந்தது. கை முதலில் வலித்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் யாருடைய கையோ மாதிரி ஆகிவிட்டது. முதுகில் வேர்த்து, அந்த வேர்வையே சில்லிட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"இப்ப கை மரத்திருக்கும். கூப்பிடுவா பாருங்க," என்றது லவ்ரினின் குரல்.

அவள் கூப்பிடவில்லை.

"இப்ப அழுதுக்கிட்டிருப்பா. பொண்ணுங்க அப்படித்தான், நாமதான் போய்..."

அவள் அழவும் இல்லை. அதற்கெல்லாம் மூச்சு மிச்சமில்லை.

அப்புறம் சிரிப்புச் சத்தம் நின்றது. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டினார்கள்.

"உஸ்தீனா! ஏய்! மேல ஏறி உள்ள வாடி!" அப்பா. அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். "பொண்ணே! காது கேக்குதா?" துடுப்பு கதவுப்பலகையில் போய் இடித்தது. அதுதான் பதில். அப்புறம் ஹோர்தி தோளால் இடிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு இடிக்கவில்லை. ஒவ்வொரு இடியிலும் அவர் முனகுவது வெளியே கேட்டது. அவள் கீழ்விளிம்பைச் சுரண்ட, அவர் இடிக்க, கதவு ஒரு கை அகலம் திறந்தது. அதில் அவர் முகம் தெரிந்தது.

அவர் மகளைப் பார்த்தார். புருவத்தில் பனி, உதடு நீலம், கன்னத்தில் துடுப்பு கீறிய ரத்தம். அவளுக்குப் பின்னால் கூரையுயரச் சுவர்களுக்கு நடுவே அவள் ஒருத்தியாக வெட்டின பள்ளம். ஒரு ஆம்பிளை செய்திருக்கவேண்டிய வேலை, வீட்டில் மூன்று ஆம்பிளைகள் இருக்கும்போது. அவர் கண்கள் தாழ்ந்தன.

கதவு இன்னும் கொஞ்சம் விலகியது. உஸ்தீனா திரும்பிப்போய், பொந்துக்குக் கீழே பனியைக் கிளறி, பரங்கிக்காயைத் தோண்டி எடுத்தாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, வாசலுக்குள் நுழைந்து, நடையைத் தாண்டி, லவ்ரினின் முன்னால் நின்றாள்.

"பார்த்தீங்களா!" என்றான் அவன், எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "போன காயைத் திரும்பக் கொண்டுவந்துட்டா! மனசு மாறி..."

"எனக்கு..." என்றாள் அவள்.

"உனக்குக் கூச்சம், அவ்வளவுதானே? அதை நான் முதல் நாளே..."

"வாயை மூடுடா!" என்றார் ஹோர்தி.

அடுப்பில் விறகு வெடித்தது. ஓனிஸ்கோ என்னவோ சொல்லப்போய், ஹோர்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நீ சொல்லி முடிம்மா," என்றார் ஹோர்தி. எரிச்சலோடுதான் சொன்னார். குரல் கரகரத்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். உஸ்தீனாவுக்கு மூச்சு வாங்கியது. நாக்கு விறைத்திருந்தது. உதட்டை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். யாராவது குறுக்கே பேசிவிடுவார்களோ என்று பழக்கதோஷத்தில் அவசரப்பட்டாள், பிறகு அவசரமில்லை என்று தெரிந்து, மூச்சை இழுத்துவிட்டாள்.

"எனக்கு நீங்க வேணாம்," என்றாள். "கூச்சத்துல சொல்லல. கோபத்துலயும் சொல்லல. உங்க மேல பழி ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, அது என்னன்னு உங்களுக்குக் கேக்கணும்னு தோணவே இல்ல. என்னால அப்படி வாழ முடியாது. பனி விழுந்தாலும் முடியாது, நின்னாலும் முடியாது."

காயை அவன் கையில் வைத்தாள்.

லவ்ரின் வாயைத் திறந்தான். எப்போதும் தயாராக ஒரு பதில் இருக்கிற வாய் அது. ஏதோ தேடினான், கிடைக்கவில்லை. முகம் காதுவரை சிவந்தது. அந்த ஒரு நிமிஷம் அவனைப் பார்க்க அவளுக்கே பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. அவன் காயைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போனான். ஓனிஸ்கோ மேசையிலிருந்து தன் ரொட்டியை எடுத்து, தொப்பியை எடுத்து, கொட்டிலிலிருந்து குதிரையை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போனார். இருவரும் வாசலைத் தாண்டினார்கள்.

ஹோர்தி மகள் வாசலில் போட்டுவிட்டு வந்த துடுப்பை எடுத்துக்கொண்டு, பனிவண்டி போகிற அகலத்துக்கு வேலிவரை வழி வெட்டப் போனார்.

உஸ்தீனா அடுப்பில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ப்ரீஸ்கா அவள் காலணியைப் பிடுங்கி எடுத்து, பாதங்களைக் கம்பளியால் தேய்த்துவிட்டு, அடுப்பிலிருந்த கஞ்சிப்பானையின் மூடியைத் திறந்தாள்.

"பசிக்குதாடி? பின்ன பசிக்காம," என்று ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். கரண்டியைப் பிடித்தபடி, பதிலுக்காக மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.